மாதிரித் தலை இலக்கணம்

ஓவியம் பழகுபவர் முன்னால் வைக்கப்படும் மாதிரித் தலையைச் சிலைகளோடு சேர்த்து எண்ணக் கூடாது; அளவைகளோடு சேர்த்து எண்ண வேண்டும். ஒரு சிலையில் மூக்கு அரை விரற்கடை நீண்டுவிட்டால், பிழை அந்தச் சிலையோடு நின்றுவிடும். ஒரு படியின் அடி உள்வாங்கியிருந்தால் அதில் அளந்த நெல் அத்தனையும் குறையும். மாதிரித் தலையில் நேரும் பிழை இந்த இரண்டாம் வகை. அதைப் பார்த்து வரைந்து கை பழகியவர்கள், பிறகு உயிருள்ள முகத்தைப் பார்க்கும்போதும் அந்தப் பிழையையே கண்ணால் தேடுவார்கள். ஆகவே மாதிரித் தலை செய்பவருக்கு அழகுணர்ச்சிக்கு முன்பாக அளவு நாணயம் வேண்டும். அந்த நாணயத்தின் முதல் விதி இது: எந்த அளவைச் சொன்னாலும் அது எந்தப் புள்ளியில் தொடங்கி எந்தப் புள்ளியில் முடிகிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். முகவிகிதம் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் வந்தவை.

மாதிரித் தலைகள் பல வகைப்படும். பாரிஸ் சாந்தில் வார்த்த கிரேக்க, ரோமானியத் தலைகள் மிகப் பழைய வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பயிற்சிக்கூடங்களில் இவை இல்லாத அறை இல்லை. 1866 முதல் 1871 வரை பாரிசில் வெளிவந்த பார்க்–ஜெரோம் வரைபடத் தொகுப்பின் முதற்பகுதி இத்தகைய வார்ப்புகளைப் பார்த்து வரைந்ததுதான். அந்தத் தாள்களை வான்கோ திரும்பத் திரும்ப நகலெடுத்துப் பழகினார். தோலுரித்துத் தசை காட்டும் உருவம் இன்னொரு வகை. ழான் அந்துவான் ஊதோன் 1767-இல் ரோமில் செய்த தோலுரி மனிதன் அதில் புகழ்பெற்றது. மூன்றாவது, பட்டை வெட்டிய தலை. வளைவுகளையெல்லாம் தட்டையான பட்டைகளாக மாற்றி, எந்தப் பட்டை ஒளியை வாங்குகிறது, எது நிழலில் விழுகிறது என்று காட்டும் தலை இது. அமெரிக்க ஓவியர் ஜான் அசாரோ 1970-களில் செய்தளித்த தலை இந்த வகையின் முன்மாதிரி ஆகிவிட்டது. அதன் ஒரு பாதியில் பெரிய எளிய பட்டைகளும் மறுபாதியில் சிறிய நுண்பட்டைகளும் இருக்கும். நான் பெரிதும் மதிக்கும் யோசனை அது; ஒரே தலையில் தொடக்கநிலையும் தேர்ச்சிநிலையும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இப்போது கணினியில் செதுக்கி, முப்பரிமாண அச்சில் எடுத்து, கடைகளில் விற்கும் தலைகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றில்தான் அளவுப்பிழை மிகுதி.

இனி அளவுகள். வளர்ந்த ஆணின் தலையில், உச்சியிலிருந்து மோவாயின் அடிவரை நேர் உயரம் ஏறத்தாழ 23 செ.மீ. காதுகளுக்கு மேலே சற்றுப் பின்னால், மண்டையின் மிக அகன்ற இடத்தில் அகலம் 15 செ.மீ. புருவங்களின் நடுவிலிருந்து பிடரி மேட்டின் கோடிவரை ஆழம் 19.5 செ.மீ. கன்ன எலும்புகளின் வெளிவிளிம்பில் முகத்தின் அகலம் 13.5 முதல் 14 செ.மீ. பெண் தலையில் இவை எல்லாமே சிறிது குறையும். மக்களுக்கு மக்கள் ஒரு செ.மீ. அளவில் ஏறி இறங்கும். எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, அவற்றுக்கிடையே உள்ள உறவைப் பிடித்துக்கொண்டால் போதும். முன்னிருந்து பார்த்தால் தலை 3-க்கு 2 என்ற செவ்வகத்தில் அடங்கும். பக்கவாட்டில் மூக்கு நுனியையும் சேர்த்துக்கொண்டால் ஆழம் 22 செ.மீ. வரும், அதாவது ஏறத்தாழ ஒரு சதுரத்தில் அடங்கும். சந்தையில் கிடைக்கும் தலைகளில் பாதிக்கு மேல் இந்தச் சதுரத்தில் தோற்றுவிடுகின்றன என்பது என் கணிப்பு. பிடரி வெட்டுண்டு, தலை முகமூடியின் பின்புறம்போல் தட்டையாக முடிந்துவிடுகிறது.

காரணம் எளிது. மனிதக் கண் முகத்தில் கண், மூக்கு, வாய் ஆகிய இடங்களுக்கே ஓடுகிறது. வெற்று நெற்றியும் மயிர் மூடிய உச்சியும் பிடரியும் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாத இடத்தைக் கை சுருக்கிவிடுகிறது. பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இல் வெளியிட்ட வரைகலை நூலில் இந்தப் பிழையை வெட்டுண்ட மண்டை என்ற பொருளில் பெயரிட்டே விளக்கியிருக்கிறார். கண்கள் தலையின் உயரத்தில் சரிபாதியில் இருக்கின்றன என்று சொன்னால் புதிதாகக் கேட்பவர்கள் நம்புவதில்லை. நெற்றியில் மயிர் தொடங்கும் இடத்தையே உச்சி என்று அவர்கள் மனம் எடுத்துக்கொள்கிறது. உச்சியிலிருந்து மோவாய்வரை 23 என்றால் கண்ணின் கோடு 11.5-இல் விழும். முடிக்கோட்டிலிருந்து அளந்தால் அது பாதிக்கு மேலே போய்விடும். இரண்டுமே மெய்; தொடக்கப் புள்ளிதான் வேறு.

இதே தொடக்கப்புள்ளிச் சிக்கல் பழைய நூல்கள் அனைத்திலும் ஓடுகிறது. ரோமானியக் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ் தம் மூன்றாம் புத்தகத்தில், மோவாயிலிருந்து முடிக்கோடுவரை உள்ள முகம் உடல் உயரத்தில் பத்தில் ஒன்று என்றும், மோவாயிலிருந்து உச்சிவரை உள்ள தலை எட்டில் ஒன்று என்றும் எழுதினார். முகம், தலை என்ற இரண்டையும் அவர் தெளிவாகப் பிரித்திருக்கிறார். பிரித்ததால் கணக்கு நமக்குக் கிடைக்கிறது: தலை 23 என்றால் முகம் 18.4, முடிக்கோட்டுக்கு மேலே 4.6. உயிருள்ள தலையில் முகம் 19-ஐ ஒட்டி வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழைய விதிக்கு இது மிகவும் நெருக்கம். அவர் இன்னொன்றும் சொன்னார்: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள கையும் முகமும் ஒரே நீளம்.

நம் சிற்ப நூல்களின் தாலம் என்ற அலகு இதே சமன்பாட்டின் மேல் நிற்கிறது. விரித்த கையின் நீளம், முகத்தின் நீளம், 12 அங்குலம் ஆகிய மூன்றும் ஒன்று. அங்குலம் என்பது இங்கே கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலமல்ல. உருவத்தின் மொத்த உயரத்தை வகுத்துப் பெறும் தேகாங்குலம். பத்துத் தாலம் என்று பொருள்படும் தசதால அளவில் உத்தம வகைக்கு உயரம் 124 அங்குலம், மத்தியமத்துக்கு 120, அதமத்துக்கு 116. ஓர் அங்குலத்துக்கு 8 யவை. சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலை நறுக்கில் உருவத்தின் உயரத்தைக் குறித்து, அதை மடித்து மடித்துப் பங்குகளைப் பெறுவார்கள். அளவுகோல் இல்லாமலே விகிதம் பிசகாது வருவதற்கு இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன். உருவம் சாண் உயரமானாலும் ஆளுயரமானாலும் ஓலை அதற்கேற்ப மாறும், மடிப்பு மாறாது. மாதிரித் தலை செய்பவர் ஒவ்வொருவரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். 23 செ.மீ. தலையை 15 செ.மீ. தலையாகச் சுருக்கும்போது கணக்குப்பொறியில் ஒவ்வோர் அளவாகப் பெருக்கி வகுத்துப் பிழை விடுவதைவிட, ஓர் ஓலையோ காகிதப் பட்டையோ மடிப்பது பாதுகாப்பு.

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத்சம்ஹிதையில் முகத்தின் நீளமும் அகலமும் தனித்தனியே 12 அங்குலம் என்று சொல்லிவிட்டு, நக்னஜித் என்ற ஆசிரியரின் கருத்தில் நீளம் 14 அங்குலம் என்றும், அது திராவிட அளவு என்றும் குறிப்பிடுகிறார். எனக்கு இது மிக முக்கியமான குறிப்பு. ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இரண்டு முகவிகிதங்கள் வழக்கில் இருந்தன. ஒன்று பிழை, மற்றது சரி என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. எந்த மரபின் அளவு எது என்று மட்டும் பதிவு செய்தார். விகித நூல் எழுதுபவருக்கு வேண்டிய ஒழுக்கம் அதுவே. நவீன காலத்தில் இந்த அளவுகளைத் தொகுத்துத் தந்தவர் டி. ஏ. கோபிநாத ராவ், தாலமானம் பற்றிய அவருடைய ஆங்கில நூலை இந்தியத் தொல்லியல் துறை 1920-இல் வெளியிட்டது.

இனி, முகத்தை மூன்று சம பங்காக வெட்டும் விதிக்கு வருவோம். உலகெங்கும் ஓவிய வகுப்புகளில் முதல் நாளே சொல்லப்படும் விதி இது. வித்ருவியசில் முதல் பங்கு முடிக்கோட்டிலிருந்து புருவ நடுவரை, இரண்டாவது மூக்கடிவரை, மூன்றாவது மோவாய்வரை. ஆண்ட்ரூ லூமிஸ் 1956-இல் வெளியிட்ட தலை, கை வரைதல் நூலும் இதையே பின்பற்றுகிறது. தென்னாட்டு ஆகம மரபிலோ முதல் பங்கு கண்ணின் சூத்திரத்தோடு, அதாவது கண்ணின் கோட்டோடு, முடிவதாகக் கொள்ளும் பாடங்கள் உண்டு. புருவமும் கண்ணும் ஒரே இடமல்ல. இரண்டுக்கும் நடுவே இரண்டு செ.மீ. அளவில் இடைவெளி இருக்கிறது, 19 செ.மீ. முகத்தில் அது பத்தில் ஒரு பங்கு. இந்த இரண்டு மரபுகளையும் கலந்து படித்த ஒருவர் நெற்றியை ஓரிடத்தில் சுருக்கியும் மூக்கை இன்னோரிடத்தில் நீட்டியும் செய்த தலையில், எந்தப் பங்கும் எந்த நூலோடும் ஒத்துவராது.

மெய்யான முகத்தில் மூன்று பங்குகளும் சமமாக இருக்கின்றனவா? பெரும்பாலும் இல்லை. மூக்கடியிலிருந்து மோவாய்வரை ஆண்களில் ஏறத்தாழ 7 செ.மீ.; புருவ நடுவிலிருந்து மூக்கடிவரை 6-ஐ ஒட்டி வரும்; முடிக்கோடு மனிதருக்கு மனிதர் ஏறியும் இறங்கியும் இருப்பதால் மேற்பங்குக்கு நிலையான அளவே கிடையாது. வழுக்கை விழுந்தவரிடம் அந்த விதி முற்றாகக் கைவிட்டுவிடும். டொரோண்டோவில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய லெஸ்லி ஃபார்காசும் அவருடைய குழுவினரும், மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து வழிவழியாக வந்த முகவிகித விதிகளை வட அமெரிக்க வெள்ளை இளைஞர்களின் முகங்களில் அளந்து பார்த்து 1985-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலான முகங்களுக்குப் பெரும்பாலான விதிகள் பொருந்தவில்லை. எந்த மக்களின் கலை மரபிலிருந்து விதிகள் பிறந்தனவோ அவர்களின் வழிவந்தோரிடமே இந்த நிலை. பிறகு ஆசியா, ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் பலர் அதே சோதனையைச் செய்தார்கள், பொருத்தம் கூடவில்லை.

ஆனால் ஒரு விதி பொருந்தவில்லை என்பதால் எல்லா விதியையும் எறிந்துவிடக் கூடாது. எலும்பின் மேல் நிற்கும் விதி நிலைக்கிறது; மயிர், தசை, கொழுப்பு ஆகியவற்றின் மேல் நிற்கும் விதி அலைகிறது. மூக்கடிக்கும் மோவாய்க்கும் நடுவில் வாய்ப்பிளவு மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் விழும் என்ற பழைய விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 7 செ.மீ.யில் மூன்றில் ஒன்று 2.3, அளந்து பார்த்தாலும் 2.2, 2.3 என்றே வருகிறது. பற்களின் இருப்பு அந்த இடத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. முழுப்பல்லும் விழுந்த முதியவரிடம் அது குலையும்.

ஐந்து கண் விதி என்று ஒன்று உண்டு: முகத்தின் அகலம் ஐந்து கண்களின் அகலத்துக்குச் சமம், இரண்டு கண்களுக்கும் நடுவே ஒரு கண் இடைவெளி. இதைக் கணக்கிட்டுப் பார்த்தால் சுவையான முடிவு கிடைக்கிறது. கண்ணின் பிளவு ஏறத்தாழ 3 செ.மீ.; ஐந்து கண்கள் 15 செ.மீ. அந்த 15 செ.மீ. எங்கே இருக்கிறது? காதுக்கு மேலே மண்டையின் மிக அகன்ற இடத்தில் இருக்கிறது. கன்ன எலும்புகளின் மட்டத்தில் இல்லை. கன்னத்தில் 13.5 அல்லது 14தான். ஒரு கடைக்கண்ணிலிருந்து மறு கடைக்கண்வரை 9 செ.மீ. போனால், இருபுறமும் மிஞ்சுவது 2.3 அல்லது 2.5 செ.மீ.; ஒரு முழுக் கண்ணுக்குக் குறைவு. ஐந்து கண் விதியை நம்பிக் கன்னத்தை 15 செ.மீ.க்கு அகட்டியவர்களின் தலைகள் ஊதிப்போனதுபோல் தெரிவதற்கு இதுவே காரணம். விதி தவறல்ல, அது எந்த மட்டத்துக்குரிய விதி என்பதை மறந்ததே தவறு.

வாயின் ஓரங்கள் கண்மணிகளின் நேர்கீழே விழும் என்பது இன்னொரு வகுப்பறை விதி. இரு கண்மணிகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 6.3 செ.மீ.; அமைதியாக மூடிய வாயின் அகலம் 5 முதல் 5.5. ஆக, ஓரங்கள் கருவிழியின் உள்விளிம்புக்கு நேராக விழுகின்றன. கண்மணிக்கு நேரே போவது லேசாகப் புன்னகைக்கும் வாய். மாதிரித் தலை புன்னகைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. புன்னகை கன்னப் பட்டைகளை மேலே தள்ளி, கீழிமையை மாற்றி, மூக்கிறகை விரித்துவிடும். பழகுபவர் அதையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்வார்.

கருவிழியின் விட்டம் மட்டும் வளர்ந்தோர் எல்லோரிடமும் ஏறத்தாழ 12 மி.மீ. விழிக்கோளம் 24 மி.மீ. இது சிற்பிக்குக் கிடைத்த பெரிய வரம். மற்ற அளவெல்லாம் ஐயத்துக்குரியதாகும் நேரத்தில் கண்ணை இந்த அளவில் வைத்து அதிலிருந்து மற்றவற்றைச் சரிபார்க்கலாம். கண் செய்யும்போது இமையை முதலில் செய்யக் கூடாது. குழியைத் தோண்டி, 24 மி.மீ. உருண்டையை வைத்து, அதன்மேல் இமைகளைப் போர்த்த வேண்டும். மேலிமை கீழிமையைவிட முன்னே நிற்கும். கடைக்கண் உட்கண்ணைவிட நன்றாகப் பின்வாங்கியிருக்கும், ஏனென்றால் முகம் தட்டையான பலகையல்ல. இந்தப் பின்வாங்கலை விட்டுவிட்டால் முக்கால் பார்வையில் தூரத்துக் கண் பொருந்தவே பொருந்தாது.

செய்முறையின் வரிசை இதற்கேற்ப அமைய வேண்டும். முதலில் பெட்டி: 23, 15, 19.5. அதற்குள் முட்டை வடிவ மண்டை. மேலிருந்து பார்க்கும்போது முன்புறம் குறுகியும் பின்புறம் அகன்றும் இருக்க வேண்டும். நெற்றிப்பொட்டுகளுக்கு இடையே 10.5 செ.மீ. அளவில் இருப்பது பின்னால் 15-ஆக விரிகிறது. இந்த விரிவு இல்லாத தலையை நேரே பார்த்தால் குற்றம் தெரியாது, திருப்பினால் தெரிந்துவிடும். அடுத்துக் காதுத்துளை: பக்கவாட்டில் ஆழத்தின் நடுவை ஒட்டி. காதின் மடல் அந்தப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும், முன்னால் அல்ல. மேல் நுனி புருவ மட்டத்திலும் கீழ் நுனி மூக்கடி மட்டத்திலும், சற்றுப் பின்சாய்ந்து. தாடையின் பின்மூலை காதுமடலின் கீழே வரும். கழுத்து நேராக இறங்காமல் பின்னிருந்து முன்னோக்கிச் சாய்ந்து வந்து தலையைத் தாங்கும். இத்தனையும் முடியும்வரை மூக்கையும் வாயையும் தொடவே கூடாது.

தலையைப் பீடத்தில் நிறுத்தும் கோணமும் ஓர் அளவுதான். கண்குழியின் கீழ்விளிம்பையும் காதுத்துளையின் மேல்விளிம்பையும் சேர்க்கும் கோடு தரைக்கு இணையாக இருக்க வேண்டும் என்று 1880-களில் ஜெர்மன் மானிடவியலாளர்கள் உடன்பட்டார்கள். ஃபிராங்ஃபர்ட் கோடு என்பது அதன் பெயர். மோவாய் சிறிது தூக்கினாலும் காது இறங்கியதுபோல் தோன்றும். தாழ்த்தினால் நெற்றி பெருக்கும். அளவெல்லாம் சரியாக இருந்தும் நிறுத்தியதில் பிசகினால் பார்ப்பவர் கற்பது பிசகையே.

எலும்பின் மேல் சதை எவ்வளவு என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. லைப்சிக்கில் பாஹ் என்ற இசைமேதையுடையதெனக் கருதப்பட்ட மண்டையோட்டின் முகத்தை மீட்டெடுக்க, உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் இறந்தோரின் முகங்களில் ஊசி செலுத்திச் சதையின் தடிப்பைப் பல புள்ளிகளில் அளந்தார். அந்த அளவுகளை வைத்துச் சிற்பி கார்ல் செஃப்னர் 1895-இல் முகத்தைச் செய்தார். நெற்றியிலும் மூக்கின் வேரிலும் சில மி.மீ.களே சதை, கன்னத்தில் அது ஒரு செ.மீ.யைத் தாண்டும். சதை மெலிந்த இடங்களில் எலும்பே வெளிவடிவம் என்பதால், மாதிரித் தலையின் நெற்றி, புருவ மேடு, கன்ன எலும்பு, மோவாய் நுனி ஆகியவை கூர்மையாகவும் ஐயமின்றியும் இருக்க வேண்டும். இவற்றை மழுப்பிய தலை எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் பயனற்றது.

நிழற்படத்தைப் பார்த்துச் செய்பவருக்கு ஒரு கடுமையான எச்சரிக்கை. அருகில் நின்று எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் ஒளிந்துகொள்ளும். 12 அங்குலத் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு, 5 அடித் தொலைவில் எடுத்ததைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தெரிகிறது என்று அமெரிக்க முக அறுவை மருத்துவர்கள் 2018-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். கைப்பேசியில் தன்னைத்தானே எடுத்த படங்களைப் பார்த்து மூக்கைத் திருத்தக் கேட்டு வந்தவர்களுக்காகச் செய்த கணக்கு அது. சிற்பிக்கும் அது அப்படியே பொருந்தும். குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நின்று, காமிராவைக் கண்மட்டத்தில் வைத்து, முன், பக்கம், பின் மூன்றையும் ஒரே தொலைவில் எடுக்க வேண்டும். கணினியில் செதுக்குபவர்களும் இதே வலையில் விழுகிறார்கள். திரையில் உள்ள மெய்நிகர் காமிரா அகன்ற கோணத்தில் இருக்க, அதில் சரியாகத் தெரியும்வரை மூக்கை அமுக்கிக்கொண்டே போவார்கள். அச்சில் எடுத்துக் கையில் பிடித்தால் முகம் தட்டை. அளவைச் சரிபார்க்கும்போது தொலைவு மாற்றம் காட்டாத இணைப்பார்வையில்தான் பார்க்க வேண்டும்.

களிமண் உலர்ந்து சுடப்படும்போது பத்தில் ஒரு பங்குவரை சுருங்கும். சீராகச் சுருங்கினால் விகிதம் கெடாது. ஆனால் கழுத்து தடித்தும் காது மெலிந்தும் இருந்தால் சீராகச் சுருங்காது. ஆகவே ஈர மண்ணிலேயே அச்செடுத்துவிடுவது நலம். பாரிஸ் சாந்து இறுகும்போது மிகச் சிறிதளவு விரியும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். அச்சின் ஒட்டுக் கோடு முகத்தின் நடுவில் ஓடக் கூடாது. உச்சியிலிருந்து இறங்கிக் காதுகளின் பின்னால் போக வேண்டும். நடுவில் ஓடிய கோட்டைத் தேய்த்துத் தேய்த்து மூக்குத் தண்டை இழந்த தலைகள் ஏராளம்.

வயதுக்கு ஒரு தலை வேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள், ஆனால் செய்பவர் குறைவு. பிறந்த குழந்தையின் மண்டையில் முகம் எட்டில் ஒரு பங்கே. வளர்ந்தவரிடம் அது ஏறத்தாழப் பாதி. வளர்ந்தவரின் தலையைச் சுருக்கிக் குழந்தைத் தலை என்று விற்பது அளவைக் குற்றம். குழந்தையின் கண்கோடு பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். முதுமையில் காது நீள்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மி.மீ. என்று பிரிட்டிஷ் குடும்ப மருத்துவர்கள் அளந்து 1995-இல் எழுதினார்கள். ஐம்பது ஆண்டில் அது ஒரு செ.மீ.யைத் தாண்டும்.

அளவுக்கு ஒரு கறையும் உண்டு, அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நேர்மையாகாது. டச்சு உடற்கூறியலாளர் பெட்ரஸ் கம்பர் 1770-இல் ஆம்ஸ்டர்டாம் வரைகலைக் கழகத்தில் ஓவியர்களுக்காகவே உரையாற்றினார். ஐரோப்பிய ஓவியர்கள் ஆப்பிரிக்கரை வரையும்போது ஐரோப்பிய முகத்துக்குக் கறுப்பு நிறம் பூசிவிடுகிறார்கள் என்பது அவர் எழுப்பிய குறை. அது நியாயமான குறை. அதைத் தீர்க்க அவர் முகக்கோணம் என்ற அளவைக் கண்டார். கிரேக்கச் சிலைக்கு 100 பாகை, ஐரோப்பியருக்கு 80, ஆப்பிரிக்கருக்கு 70 என்று வரிசைப்படுத்திய அந்தப் படம், அவர் 1789-இல் இறந்தபின் 1791-இல் அச்சேறி, அடுத்த நூற்றாண்டின் இனவாதிகளுக்குக் கருவியாயிற்று. அவரோ மனிதகுலம் ஒன்றே என்று கருதியவர். எந்த மனிதருக்கும் இல்லாத 100 பாகையை, ஒரு சிலையின் அளவை, மனிதர்களை அளக்கும் வரிசையின் உச்சியில் வைத்ததுதான் கேடு. அழகின் உச்சமாக ஒரு தலையைச் செய்து அதையே அளவாக வைக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஆல்பிரெக்ட் ட்யூரர் காட்டிய வழி நல்லது. 1528-இல், அவர் இறந்த சில மாதங்களில் வெளிவந்த மனித விகித நூலில் ஒரே ஒரு சரியான மனிதனை அவர் வைக்கவில்லை. பருத்தவர், மெலிந்தவர், ஆண், பெண் எனப் பல வகைகளை அளந்து வைத்தார். முகத்தின் மேல் கட்டம் போட்டு, கோடுகளை நகர்த்தி, ஒரு முகத்திலிருந்து பல முகங்களைப் பெறும் முறையையும் காட்டினார்.

அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் ஓவியப்பள்ளி தொடங்கிய காலத்திலிருந்து நம் மாணவர்கள் ஐரோப்பியத் தலைகளைப் பார்த்தே பெரும்பாலும் பழகிவந்திருக்கிறார்கள். இந்திய உடல்களை அளந்து தொகுத்த அட்டவணைகள் நம்மிடம் உண்டு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் வெளியிட்ட தேப்குமார் சக்ரவர்த்தியின் நூல் நாற்காலி, தலைக்கவசம் செய்பவர்களுக்குப் பயன்படுகிறது. சிற்பிகளும் அதைத் திறந்து பார்க்கலாம். சுவாமிமலையிலும் மாமல்லபுரத்திலும் அளவைத் தவறவிடாத கைகள் இருக்கின்றன. அந்த அட்டவணையும் இந்தக் கைகளும் சேர்ந்தால் நம் மாணவர்களுக்கு ஆண், பெண், குழந்தை, முதியவர் என நான்கு நல்ல தலைகள் கிடைக்கும். செய்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: பீடத்தின் அடியில் உயரம், அகலம், ஆழம் மூன்றையும், அவை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை என்பதையும் பொறித்துக் கொடுங்கள்.

வாங்குபவர்கள் கடைக்கு ஒரு நூல்கயிறு எடுத்துச் செல்லுங்கள். உச்சியிலிருந்து மோவாய்வரை அளந்து பாதியாக மடியுங்கள். மடிப்பு கண்ணின் கோட்டில் விழ வேண்டும். அதே முழு நீளத்தை மூக்கு நுனியிலிருந்து பிடரிக்கு நேராகப் பிடியுங்கள். கிட்டத்தட்ட எட்ட வேண்டும். மூன்றில் இரண்டாக மடித்துக் காதுகளுக்கு மேலே அகலத்தைப் பாருங்கள். இந்த மூன்று சோதனைகளில் எது தவறினாலும் அந்தத் தலையை வாங்காதீர்கள்.